ஏழாம் நம்பர் ஷெட்டும் வட்டம் ஒட்டிப் பூச்சியும்

கம்பெனி வாசலில் புதிதாக ஒரு போர்டு வைத்திருக்கிறார்கள். பச்சை போர்டு. நடுவில் ஒரு சிலந்தியின் படம். அதற்கு மேலே, "இயற்கையைக் காக்கும் எங்கள் பட்டாசு ஆலை" என்று எழுதியிருக்கிறது. போன மாதம் பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது பார்த்தேன். அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கித் திரும்பி நடந்து வந்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். அப்படியேதான் எழுதியிருந்தது.

இந்தத் திங்கட்கிழமை செல்வம் வீட்டுக்கு வந்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு அங்கே போர்மேனாக இருப்பவன். நல்ல பையன், அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கெழம கம்பெனில விழா. வெளியூர்ல இருந்தெல்லாம் ஆளுக வாராக. நீங்க ஒரு பத்து நிமிசம் பேசணும்."

"என்னத்தப் பேச?"

"பின்னால இருக்கிற காட்டையும் அந்தச் சிலந்தியையும் நம்ம கம்பெனி எப்படிக் காப்பாத்துச்சுன்னு. உங்களுக்குத்தான் பழைய கதையெல்லாம் தெரியும்னு சின்ன முதலாளி சொல்றாரு."

எனக்குத் தெரியும்தான். என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இன்னும் ஒரே ஒருவர்தான் உயிரோடு இருக்கிறார். அவரை விழாவுக்கு யாரும் கூப்பிடவில்லை.

பத்தாம் வகுப்பு முடித்ததும் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கப் போனேன். பிறகு பட்டாசுக்கு மாறினேன். திரி வெட்டினேன், மருந்து சலித்தேன், போர்மேன் பரீட்சை எழுதி இரண்டாவது தடவையில் தேறினேன். அந்த வருஷங்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மருந்து ஷெட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பட்டாசுக்குள் போகும் ரசாயனக் கலவையைத்தான் நாங்கள் மருந்து என்போம். அதைக் கலக்கும் ஷெட் தனியாக, மற்றவற்றிலிருந்து தள்ளி இருக்கும். உள்ளே நாலு பேருக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. வாசலில் ஒரு செப்புத் தகடு பதித்திருக்கும், அதிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் போகும். நுழைகிறவர் யாராக இருந்தாலும் முதலில் அந்தத் தகட்டில் உள்ளங்கையை வைக்க வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் அதன் வழியே இறங்கிவிடும். நைலான் சேலை ஆகாது. மெட்டியைக் கழற்றிவிட வேண்டும். ஷெட்டைச் சுற்றி ஒரு சருகு கிடக்கக் கூடாது. அந்தத் தரை எங்கள் வீட்டு அடுப்படியைவிடச் சுத்தமாக இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி உண்டு. காலையில் கலந்த மருந்து அன்றைக்கே தீர வேண்டும். மிஞ்சினால் அழித்துவிட வேண்டும், ஷெட்டில் தங்கவிடக் கூடாது. அலுமினியப் பொடி சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறும். மூக்கைப் பிடுங்குகிற ஒரு வாடை கிளம்பும். அந்த வாடை வந்தபிறகு யோசிக்க நேரம் கிடையாது. புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் இதை நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

ஷெட்டுகளுக்குப் பின்னால் நாலு ஏக்கர் காடு. உசிலை, வெள்வேல், ஆத்தி, நடுநடுவே பழைய வேம்பு. அதை யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. வெடிமருந்து இருக்கும் இடத்தைச் சுற்றி இடைவெளி விட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இடைவெளியில் கட்டடம் கட்ட முடியாது. ஆடு மேய்க்க வருகிறவர்களும் பயந்துகொண்டு வருவதில்லை. அதனால் தப்பிப் பிழைத்த காடு அது. காப்பாற்றினார்களாம்! பயந்து விட்டுவைத்தார்கள் என்று அந்த போர்டில் எழுதட்டும், நான் ஒன்றும் சொல்லவில்லை.

காட்டின் ஓரத்தில் பெரிய உசிலை மரத்தடியில்தான் பெண்கள் மத்தியானச் சோறு சாப்பிடுவார்கள். அங்கே சருகு கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கும். அந்தச் சருகுக்கடியில் இருப்பதுதான் இந்தச் சிலந்தி. சாம்பல் நிறம். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். வலை கட்டாது, ஓடித்தான் இரை பிடிக்கும். சருகைப் புரட்டினால் இலையின் அடியில் வெள்ளையாக, தட்டையாக, வட்டமாக ஒன்று ஒட்டியிருக்கும். அதுதான் முட்டைக் கூடு. தாய்ச் சிலந்தி அதன்மேலேயே உட்கார்ந்திருக்கும். இலையைத் தூக்கினாலும் நகராது.

புஸ்வாணத்தின் அடியில் நாங்கள் ஒட்டும் வட்டத் தாளும் அதே அளவு, அதே நிறம். அதை முதலில் கவனித்தவர் பாண்டியம்மாள்.

"இங்கன பாருங்க போர்மேன் சார், இதுவும் நம்மள மாதிரித்தான் வட்டம் ஒட்டுது. சம்பளமில்லாம ஒட்டுது" என்று ஒரு சருகைத் தூக்கிக் காட்டினார். அன்றிலிருந்து அதற்கு வட்டம் ஒட்டி என்று பெயர். மழை பெய்தால் ஒன்றிரண்டு ஷெட்டுக்குள் ஏறி வரும். பெண்கள் சருகில் ஏந்திக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். யாரையும் அது கடித்ததில்லை.

பாண்டியம்மாள் வட்டம் ஒட்டுகிற வேலையிலிருந்து மருந்து ஷெட்டுக்கு வந்தவர். முதியோர் கல்வி வகுப்பில் எழுதப் படித்தவர். சனிக்கிழமை சம்பள ரிஜிஸ்டரில் பலர் கைநாட்டு வைப்பார்கள், இவர் இனிஷியலோடு பெயரை முழுசாக எழுதுவார். நிதானமாக எழுதுவார். பின்னால் நிற்கிறவர்கள், "ஏய், சீக்கிரம் எழுதுடி, பஸ் போயிரும்" என்று கேலி செய்வார்கள். "போனாப் போகட்டும்டி. என் பேரை நான் பாதியில விடமாட்டேன்" என்பார்.

இனி மேனேஜர். அவர் காலமாகிவிட்டார். போனவரைப் பற்றிப் பேசக் கூடாது என்பார்கள், நான் பேசத்தான் போகிறேன். அவர் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. எப்போதும் வெள்ளைச் சட்டை. மேஜையில் தண்ணீர் தம்ளர்மேல் ஒரு சின்னத் தட்டு மூடியிருக்கும். எதையும் உத்தரவாகச் சொல்ல மாட்டார். "நாம ஞாயித்துக்கிழமையும் வந்திருவோமா?" என்பார். "நாம இன்னிக்கு ரெண்டு ட்ரே கூடப் போட்டிருவோமா?" என்பார். வருவதும் போடுவதும் நாங்கள். அந்த 'நாம' மட்டும் அவருடையது.

விபத்துப் பதிவேடு அவர் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கும். ஏதாவது நடந்தால் என்னைக் கூப்பிடுவார். பேனாவின் மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டுவார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். தன் கையால் அதில் ஒரு புள்ளிகூட வைத்ததில்லை. நான் எழுதி முடித்ததும் வாங்கிப் படித்துவிட்டு, கல்யாணப் பத்திரிகையைச் சரிபார்த்தவர் மாதிரி "நல்லா வந்திருக்கு" என்பார்.

எங்கள் பதிவேட்டைப் படித்தால் உலகத்தில் உள்ள பூச்சியெல்லாம் எங்கள் கம்பெனிக்குத்தான் வேலைக்கு வருகிறது என்று நினைப்பீர்கள். கை வெந்தால் பூச்சிக்கடி. கண் எரிந்தால் கண்ணில் பூச்சி விழுந்தது. மயங்கி விழுந்தால் காலையில் சாப்பிடாமல் வந்தார். தீ என்ற எழுத்து மட்டும் அந்த நோட்டில் வரவே கூடாது. வந்தால் ஆய்வுக்கு ஆள் வரும், சீசன் நேரத்தில் பூட்டுப் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த வருஷங்களில் அத்தனையும் எழுதியது என் கை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் புரட்டாசி மாதம். தீபாவளி ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஏழாம் நம்பர் ஷெட்டில் ஒரு ட்ரே மருந்து மிஞ்சியது. அழிக்கப் போனேன். மேனேஜர் வந்தார்.

"வானம் தெளிவாத்தான இருக்கு. நாம இதை மூடி வச்சிட்டுப் போயிருவோமா? காலைல வந்ததும் நிரப்பிட்டா ஒரு மணி நேரம் மிச்சம்."

நான் சரி என்றேன். ஊருக்கெல்லாம் விதி சொல்லிக் கொடுத்த நான்தான் ட்ரேயை மூடி வைத்துக் கதவைப் பூட்டினேன். சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

அன்றைக்கு ராத்திரி மழை கொட்டியது. காலையில் கதவைத் திறந்தேன். பாண்டியம்மாளும் இன்னும் மூன்று பெண்களும் வழக்கம்போலத் தகட்டில் கை வைத்துவிட்டு உள்ளே போனார்கள். கடைசியாக நான் கையை வைத்தேன். அப்போதுதான் அந்த வாடை வந்தது. கூரை ஒழுகி ட்ரேக்குள் ஈரம் இறங்கியிருந்தது.

"வெளிய ஓடுங்கடி!" என்று பாண்டியம்மாள் கத்தினார். மூன்று பேரும் என்னை இடித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். சுவரோரத்தில் நிரப்பி முடித்த சரக்கு அடுக்கியிருந்தது. பாண்டியம்மாள் ஓடவில்லை. அந்த ட்ரேயை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக நடந்தார். ஓடினால் குலுங்கும் என்று நடந்தார். கூட்டிச் சுத்தமாக வைத்திருந்த வெறுந்தரையில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி நாலு எட்டு வைத்ததும் அது பற்றி எரிந்தது. நான் அதுவரை செப்புத் தகட்டில் வைத்த கையை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு ஷெட்டும் போகவில்லை, ஒரு உயிரும் போகவில்லை. ட்ரேயின் ஓரத்தில் வழிந்த சூடேறிய மருந்து மட்டும் பாண்டியம்மாளின் வலது கை விரல்களில் அப்பியிருந்தது.

மேனேஜர் பதிவேட்டை எடுத்தார். மூடியைக் கழற்றிப் பேனாவை நீட்டினார். ஜன்னல் வழியாகக் காட்டைப் பார்த்தார்.

"மழைக்கு அங்க இருந்து பூச்சியெல்லாம் ஷெட்டுக்குள்ள வருதுல்ல?"

"வரும் சார்."

"சிலந்தி?"

"அதுவும் வரும்."

"அப்ப எழுதுவோம்."

'பணியின்போது வலது கையில் சிலந்தி கடித்தது. முதலுதவி அளித்து மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்.' எழுதினேன்.

பாண்டியம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் மஞ்சளைக் குழைத்து அப்பச் சொல்லியிருந்தார் மேனேஜர். வெந்தது வெளியே தெரியவில்லை.

"சிலந்தியா? அது பாவம் சார், வாயில்லாப் பூச்சி."

"உள்ளதைச் சொன்னா கம்பெனியைப் பூட்டிருவாங்க. தீபாவளி நேரம். இத்தனை குடும்பம் இருக்கு. நீங்களே சொல்லுங்க, நாம என்ன செய்யலாம்?"

பாண்டியம்மாள் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீக போர்மேன் சார்?"

"சரின்னு சொல்லிருங்க பாண்டியம்மா" என்றேன். என் வாழ்க்கையில் நான் பேசியதிலேயே கேவலமான வாக்கியம் அதுதான்.

ஆஸ்பத்திரியில் சீட்டைப் பார்த்தார்கள். பூச்சியா என்று கேட்டார்கள். இந்தம்மா தலையாட்டியிருக்கிறார். டாக்டரைக் குற்றம் சொல்ல மாட்டேன், சீட்டில் இருந்ததையும் கேட்டதையும் நம்பினார். உடனே தண்ணீர் விட்டு அலசி அலசிக் கழுவியிருக்க வேண்டிய கைக்கு விஷமுறிவு ஊசி போட்டுக் கட்டுக் கட்டி அனுப்பினார்கள். நகக் கண்ணில் இருந்த மருந்து கட்டுக்குள்ளேயே அரித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தபோது ஆட்காட்டி விரலும் நடுவிரலும் கருத்துப் போயிருந்தன. விரல்கள் நின்றன, ஆனால் மடங்கியது மடங்கியபடியே இறுகிவிட்டன.

பொய்யை எழுதினால் மட்டும் போதாது, அதற்கு ஒத்தாசையும் செய்ய வேண்டும். "நடவடிக்கை எடுத்ததா ஒரு வரி வேணும்ல. நாம காட்டுக்கு மருந்தடிச்சிருவோமா?" என்றார் மேனேஜர். இரண்டு நாள் விஷம் தெளித்தார்கள். சருகை எல்லாம் வாரி, ஷெட்டுகளுக்கு எட்டாத தூரத்துக்குக் கொண்டுபோய்க் கொளுத்தினார்கள். சருகுக்கடியில் வெள்ளை வட்டத்தின்மேல் நகராமல் உட்கார்ந்திருந்த பூச்சிகள் அப்படியே சுருண்டு கிடந்தன. கையைச் சுட்டது நாங்கள் வைத்த மருந்து, செத்தது பூச்சி. மேற்பார்வை பார்த்தது யார் என்று கேட்கிறீர்களா? நான்தான்.

மூன்றாம் நாள் மருந்தடிக்கும் ஆட்கள் உசிலை மரத்தடிக்கு வந்தார்கள். அங்கே பெண்கள் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். பாண்டியம்மாள் வெளியே போகச் சொல்லிக் காப்பாற்றிய மூன்று பேரும் முன்னால் இருந்தார்கள்.

"சோறு திங்கிற எடத்துல வெசத்தை அடிக்காதீக" என்றார் ஒருவர்.

"மேனேஜர் உத்தரவும்மா."

"அப்ப அவரை வந்து இங்கன உக்காந்து திங்கச் சொல்லுங்க."

எழுந்திருக்கவே இல்லை. மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. சீசன் நேரம், வேலை நிற்கிறது. மேனேஜர் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "அதை மட்டும் விட்டுருவோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அரை ஏக்கர் மிஞ்சியது. போர்டில் படம் போட்டிருக்கிறார்களே, அந்தச் சிலந்தி அந்த அரை ஏக்கரில் பிழைத்துக் கிடந்ததுதான்.

பாண்டியம்மாள் இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தார். தரை கூட்டும் வேலைதான் கிடைத்தது. சனிக்கிழமை ரிஜிஸ்டரில் கைநாட்டு வைத்தார். வரிசையில் யாரும் கேலி பேசவில்லை. கொஞ்ச நாளில் வேலையை விட்டு நின்றுவிட்டார்.

இந்தப் புதன்கிழமை என் வீட்டுக்கு நிவேதா என்ற பெண் வந்தது. மதுரையில் சிலந்திகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண். வட்டம் ஒட்டியை உசிலை மரத்தடியில் கண்டுபிடித்தது அதுதான். புது இனமாக இருக்கலாம், இன்னும் சரிபார்க்க வேண்டும் என்றது. பையிலிருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்தது. பதிவேட்டின் பக்கம், என் கையெழுத்து. விவரம் தெரியாத செல்வம் எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

"சார், இந்த மாதிரி சிலந்தி கடிச்சு ஒருத்தருக்கு விரல் முடங்கினதா நான் எங்கேயும் படிச்சதில்லை. ஆனா கடிச்சதுன்னு இதுல எழுதியிருக்கு. அதுலதான் விரல் முடங்குச்சுன்னு ஆஸ்பத்திரி சீட்டும் சொல்லுதாம். கட்டுரையில இதைச் சேர்க்காம விட முடியாது. கடிச்சதை நீங்க பார்த்தீங்களா?"

"சேர்த்தா என்ன ஆகும்?"

"ஆபத்தானதுன்னு ஆயிடும் சார். அப்புறம் மிச்சம் இருக்கிற அரை ஏக்கரையும் வழிச்சுப் போட்டிருவாங்க. யாரும் கேட்க முடியாது."

மேனேஜர்மேல் கோபம், என்மேல் அதைவிடக் கோபம். இழுப்பறையில் கிடந்து மக்கிப் போகும் என்று நினைத்து எழுதிய ஒரு வரி, எட்டு வருஷம் கழித்துப் புத்தகத்தில் ஏறப் போகிறது. எல்லாவற்றையும் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். அது பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது. கடைசியில், "அந்த அம்மாவை நான் பார்க்கணும் சார்" என்றது.

மறுநாள் இரண்டு பேரும் போனோம். பாண்டியம்மாள் வீட்டு வாசலில் இட்லிக் கடை போட்டிருக்கிறார். இடது கையால் மாவு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க. சாப்பிட்டீகளா?" என்றார். பிறகுதான், "எட்டு வருசம் ஆச்சு இந்த வழி தெரிய" என்றார்.

வந்த காரணத்தைச் சொன்னேன். உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப் போகிறேன், இல்லாவிட்டால் அந்தப் பூச்சிமேல் பழி நின்றுவிடும் என்றேன். இட்லிச் சட்டியை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப பூச்சிக்காகத்தான் வந்திருக்கீக. எனக்காக வரல."

அதுதானே உண்மை. இருபது நிமிஷம் பஸ்ஸில் வந்தால் இந்த வீடு. அந்த மஞ்சள் அப்பிய கையைப் பார்த்த நாளிலிருந்து ஒரு தடவைகூட நான் இந்தப் பக்கம் வந்ததில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா பாண்டியம்மா, தப்புதான்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"சரி, விடுங்க. அதாவது தப்பிக்கட்டும். எழுதுங்க."

எழுதினேன். எழுதியதை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

"'விபத்தில் கை காயம்பட்டது'ன்னு போட்டிருக்கீக. கை தானாவா காயம்பட்டுச்சு? ட்ரேயைத் தூக்கிட்டுப் போனேன்னு எழுதுங்க. மருந்தை ராத்திரி உள்ள வச்சது யாருன்னும் எழுதுங்க."

அடித்துவிட்டு எழுதினேன். 'மிஞ்சிய மருந்தை விதிக்கு மாறாக ஷெட்டில் வைத்துப் பூட்டியது நான். பாண்டியம்மாள் அதைத் தன் கையால் வெளியே கொண்டுபோனதால் நாங்கள் அத்தனை பேரும் பிழைத்தோம். சிலந்தி யாரையும் கடிக்கவில்லை.' கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.

"என்னதும் வேணும்ல?" என்றார்.

நிவேதா கைநாட்டுக்கு மைப் பெட்டி கேட்டது. பாண்டியம்மாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பேனாவை இடது கையில் வாங்கினார். முதலில் இனிஷியல். பிறகு புள்ளி. எழுத்துகள் கோணிக்கொண்டு போயின. ஒவ்வொன்றுக்கும் மூச்சை இழுத்துவிட்டார். தெருமுனையில் எங்கள் பஸ் வந்து நிற்பது தெரிந்தது. "பஸ் வந்திருச்சும்மா" என்றேன், பழைய ஞாபகத்தில்.

"போனாப் போகட்டும்" என்றார், நிமிராமல்.

பஸ் போய்விட்டது. அவர் பெயரை எழுதி முடித்தார்.

"ஞாயித்துக்கெழம மேடைல இதைத்தான வாசிப்பீக?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நீங்க மட்டும் சொன்னா வயசாகி ஒளறுறாருன்னு மைக்கை வாங்கிருவாக. கையை நான் காட்டணும்ல. நானும் வாறேன்."

இன்று காலையில் செல்வம் போன் செய்தான்.

"அண்ணாச்சி, பேச்சு ரெடியா?"

"ரெடி. ஒரே பக்கம்தான். மேடையில எனக்கு நாற்காலி போட்டிருக்கியா?"

"முன்வரிசையிலயே போட்டிருக்கு."

"அதுல பாண்டியம்மாள்னு பேர் ஒட்டு. நான் நின்னுக்கிறேன்."